மோகனாவும் ஓசி மென்பொருளும்

மோகனாவுக்கு ஓசியில் எது வந்தாலும் ஆகாது. பெடாஸ் ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, சுங்கை காடுட் தொழிற்சாலையில் பாதி ஆயுசு குப்பை கொட்டியவள். கூட்டத்தில் எல்லாருக்கும் கொடுக்கும் அரிசிப் பையைக்கூடப் பிரித்துப் பார்த்து, "இதுல என்ன உள்குத்து?" என்று கேட்பாள்.

வேலையை விட்டு வந்த பணத்தில் சீனாவிலிருந்து ஒரு லேசர் வெட்டும் மெஷினைத் தருவித்து வீட்டு முன்கூடத்தில் வைத்தாள். கல்யாணப் பெயர்ப்பலகை, தீபாவளிக்குக் கோல அச்சு என்று மெல்லிய பலகையில் வெட்டி விற்றாள். பிழைப்பு ஓடியது. மெஷினோடு வந்த மென்பொருள் முழுக்கச் சீன எழுத்து. அதைத் திறக்கவே கணினியில் ஒரு யூஎஸ்பி சாவி செருக வேண்டும். ஒருநாள் அந்தச் சாவி செத்துப்போனது. விற்றவன் பதிலே போடவில்லை.

பழைய தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்க்கும் ஷங்கர்தான் வந்தான். கட்டுப்பாட்டு அட்டையைக் கழற்றிவிட்டுச் சின்னதாக வேறொன்றைப் பூட்டினான். கணினியில் புது மென்பொருளை இறக்கினான்.

"இது ஓப்பன் சோர்ஸ்க்கா. யாரு வேணும்னாலும் எடுத்துக்கலாம். உள்ள எப்படி எழுதியிருக்குன்னும் பாக்கலாம். காசு கெடையாது."

"யாரு குடுக்குறா?"

"உலகம் பூரா ஆளுங்க சேந்து எழுதுறாங்க லா."

"அவங்களுக்கு வேற வேல இல்லயா?"

ஷங்கர் சிரித்தான். அந்தச் சிரிப்பும் அவளுக்குப் பிடிக்கவில்லை. கழற்றிய பழைய அட்டையை அவன் ஒரு பையில் போட்டு அவளிடமே கொடுத்தபோதும், இதைக் கொடுத்துவிட்டு வேறு எதை எடுத்திருப்பான் என்றுதான் யோசித்தாள். மெஷின் என்னவோ பலகையைச் சுத்தமாக வெட்டித் தள்ளியது. குறை சொல்ல ஒன்றும் இல்லையே என்பதுதான் அவளுடைய பெரிய குறை.

ஆயுத பூஜை முடிந்து, தம்பின் ஊர்க் கடைக்காரர் கேட்ட தீபாவளிக் கோல அச்சுகளை வெட்ட உட்கார்ந்தாள். லேசர் பலகையில் லேசாகக் கீறியதோடு சரி. வேகத்தைக் குறைத்தாலும் வெட்டவில்லை. சீக்கிரம் தராவிட்டால் சிரம்பானில் வேறு ஆளைப் பார்ப்பேன் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார்.

தீபாவளி வருமானம் போனால் அந்த வருஷமே போனதுதான். யோசிக்க யோசிக்க மோகனாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஓசி மென்பொருள் தானாகச் சாகும்படி ஷங்கர் செய்து வைத்திருக்கிறான்! திரும்பக் கூப்பிட்டால் கறக்கலாமே. கூப்பிடுவேனா நான்? கோயில் மகளிர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு போட்டாள். "ஷங்கர்கிட்ட எந்த சாமானும் குடுக்காதீங்க. என் மெஷின் வெட்ட மாட்டேங்குது. அவன் ஏமாத்துக்காரன்."

மறுநாள் சாயங்காலம் ஷங்கர் கூப்பிடாமலே மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். மிச்சத்தையும் கழற்ற வந்துவிட்டான் என்று வாசலை மறித்து நின்றாள்.

"மெஷின பாக்கலாமாக்கா?"

"எதுக்கு?"

"வெட்ட மாட்டேங்குதுல்ல."

உள்ளே விட்டாள். ஆனால் அவன் முதுகை விட்டு நகரவில்லை. அவன் பின்பக்க மூடியைத் திறந்து கைவிளக்கை அடித்துப் பார்த்தான். அவளும் எட்டிப் பார்த்தாள். லேசர் ஒளியைத் திருப்பிவிடும் சின்ன வட்டக் கண்ணாடியின் நடுவில், குங்குமமும் சந்தனமும் கருகி ஒட்டிக் கிடந்தன. ஆயுத பூஜையன்று எல்லா மூடியையும் திறந்து, உள்ளே பளபளத்த அத்தனைக்கும் பக்தியோடு பொட்டு வைத்தவள் அவள்தான். சாம்பிராணியும் உள்ளே காட்டியிருந்தாள். லென்ஸில் புகை அப்பியிருந்தது.

ஷங்கர் பையிலிருந்து வேறு கண்ணாடி எடுத்து மாற்றினான். லென்ஸைப் பஞ்சால் துடைத்தான். மெஷின் வெட்டியது.

"அடுத்த வருஷம் மூடி மேல மட்டும் வைங்க லா."

மோகனாவுக்கு அவமானத்தில் காது சுட்டது. இன்னும் ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது.

"மெஷின் வெட்டலன்னு ஒனக்கு யாரு சொன்னா?"

"ஷாமினி போட்டுக் காமிச்சா."

ஷாமினி அவன் மனைவி. அவளும் அந்தக் குழுவில் இருப்பது ஆத்திரத்தில் மறந்தே போயிருந்தது.

"முழுசா கேட்டியா?"

"கேட்டேன்க்கா."

"அப்பறமும் ஏன் வந்த?"

"மெஷின் வெட்டலன்னு சொன்னீங்கள்ல."

அவன் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். மோகனா கைப்பேசியை எடுத்தாள்.

"நில்லு. நீயும் கேக்கணும்." பதிவுப் பொத்தானை அழுத்தினாள். "மோகனா பேசுறேன். மெஷின கெடுத்தது நான்தான், ஷங்கர் இல்ல. நேத்து ஏமாத்துக்காரன்னு சொன்னேனே, அவன்தான் வந்து சரி பண்ணிக் குடுத்தான். ஷாமினி, ஒம் புருஷன நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."