வேட்டியில் வைத்த நெல்லிலை

காலை ஆறு இருபத்தெட்டு. போனில் முதலில் தெரிந்தது ஒரு நெல்லிலை. வெள்ளைத் துணியின் மேல் நீளவாக்கில் கிடந்தது. அதன் நுனியை ஒரு பெருவிரல் அழுத்திப் பிடித்திருந்தது. நகத்தில் சேறு. பின்னாலேயே இன்னும் ஒன்பது இலைகள் வந்தன.

அனுப்பியவர் என் மனைவியின் தமையன், எனக்கு மச்சான். அவருக்கு நானும் மச்சான். கட்டைபறிச்சானில் அவருக்கு இரண்டு வயல், ஒன்று மேட்டில், மற்றது பள்ளத்தில். நான் பட்டணத்தில், ஓர்ஸ் ஹில்லில் இருந்து பத்திரிகைக்குப் படங்களைத் திருத்தி அனுப்புகிறவன். வீட்டில் ஒரு பூச்சாடிகூடக் கிடையாது.

அந்தப் பெரும்போகத்தில், மாரிமழைப் பயிர்க்காலத்தில், யூரியாப் பசளைக்குத் தட்டுப்பாடு. மச்சானிடம் இருந்தது ஒரே ஒரு மூட்டை. அடுத்தது எப்போது வரும் என்று ஒருவருக்கும் தெரியாது. கதிர் கட்டுவதற்கு முன் போட்டாக வேண்டும். பசித்த வயலுக்குப் போடாவிட்டால் மணி பிடிக்காது. பசிக்காத வயலுக்குப் போட்டால் பயிர் உயர்ந்து, மழைக்குச் சாய்ந்துவிடும்.

நண்பர் ஒருவர் தந்த செயலி என் போனில் இருந்தது. இலையின் படத்தைக் கொடுத்தால், அதன் பச்சையத்தை அளந்து, பயிரில் நைதரசன் எவ்வளவு என்று ஒன்றிலிருந்து ஐந்து வரை புள்ளி போடும். மூன்றுக்குக் கீழே வந்தால் பசளை வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை: இலைக்குப் பின்னால் வெள்ளை இருக்க வேண்டும். முதலில் அந்த வெள்ளையைத் தொட்டுக் காட்டினால், அன்றைய வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தைச் சரிசெய்துகொள்ளும்.

தொட்டேன். மேட்டு இலைகளுக்கு ஒன்று, பள்ளத்து இலைகளுக்கு இரண்டு. இரண்டு வயலுக்கும் பாதி பாதி போடும்படி எழுதினேன். உடனே மச்சானின் போன் வந்தது.

“பள்ளத்து வயலைப் பாக்கப் பட்டினி மாதிரித் தெரியேல்லை மச்சான். போன முறை போட்டுத்தானே முழுக்கச் சாய்ஞ்சது.”

“கண் காலையில ஒண்டு சொல்லும், பின்னேரம் இன்னொண்டு சொல்லும். கமரா அப்படி இல்லை.”

“ஓம். அப்ப கமராவையே வந்து பசளை வீசச் சொல்லுங்கோ.”

கிண்ணியாப் பாலத்தைத் தாண்டி நான் போய்ச் சேர ஒன்பது பத்து. மச்சான் பள்ளத்து வயலுக்குள் குடை பிடித்துக்கொண்டு நின்றார். வெயில் நேரே படாமல் படம் எடுக்கச் சொல்லியிருந்தேன். மூட்டை வரம்பில் இருந்தது, பிரிக்கவில்லை. பக்கத்து வயல்காரர், மூதூர் ஆள், அண்ணன் முறையில் நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன தம்பி, வெள்ளாமைக்குக் கலியாணப் படமோ?”

“ஓம் நானா, பொம்பிளை கொஞ்சம் வெளிறிப்போனாவாம்” என்றார் மச்சான்.

அதே துணியில் திரும்ப எடுத்தோம். மறுபடியும் ஒன்று, இரண்டு. மச்சான் இலையையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். பிறகு மூட்டையின் வாயில் தைத்திருந்த நூலின் நுனியைத் தேடினார்.

அந்த நேரம் அவருடைய மனைவி தேத்தண்ணிப் போத்தலோடு வரம்பில் வந்தா. நான் அக்கா என்று கூப்பிடுகிறவ. அவ மூட்டையைப் பார்க்கவில்லை. துணியைப் பார்த்தா.

“இது கோயிலுக்குக் கட்ட எடுத்து வைச்ச வேட்டியெல்லோ?”

“கடதாசி பனியில ஊறிப்போச்சு. வீட்டில இதைவிட வெள்ளை வேற இல்லை” என்றார் மச்சான்.

“வெள்ளையா இருக்காமல்? நேற்றுத்தானே நீலம் போட்டுத் தோய்ச்சனான். அதைக் கொண்டுவந்து சேத்தில விரிச்சிருக்கிறார்.”

மூட்டையைத் திறக்க வேண்டாம் என்றேன்.

நீலம் போட்ட துணி கண்ணுக்கு நல்ல வெள்ளை. ஆனால் நான் அதைத் தொட்டு ‘இதுதான் வெள்ளை’ என்று காட்டியபோது, செயலி படம் முழுவதிலும் நீலத்தைக் குறைத்துவிட்டது. நீலம் குறைந்தால் பச்சை இலை மஞ்சளடிக்கும், புள்ளியும் இறங்கும். பள்ளிக்கூடப் பரிசளிப்புப் படங்களில் சீருடையைத் தூய வெள்ளையாக்கப் போய், வரிசையாகப் பிள்ளைகளின் முகங்களை மஞ்சளாக்கி அச்சுக்கு அனுப்பியவன் நான். அதே பிழையை இப்போது நெல்லுக்குச் செய்திருந்தேன்.

என் பையில் கோடு போடாத கொப்பி ஒன்று இருந்தது. பனியும் காய்ந்துவிட்டது. தாள் கிழித்து, இலைகளை அதில் வைத்து, குடையின் கீழ் எடுத்தோம். மேட்டு வயலுக்கு இரண்டு. பள்ளத்து வயலுக்கு நான்கு.

“என்ர கண்ணுக்கு எத்தனை மார்க் மச்சான்?”

“ஐஞ்சு” என்றேன்.

“கண்ணுக்கு மார்க் போட்டது காணும், விடுங்கோ. இந்த வேட்டியை ஆர் தோய்க்கிறது?” என்றா அக்கா.

மச்சான் குடையை மடக்கி என் கையில் தந்துவிட்டு, மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு மேட்டுப் பக்கம் நடந்தார். நானா தன் மண்வெட்டியை வரம்பில் வைத்துவிட்டு, பசளை வீச உதவிக்குக் கூடவே போனார். பதினொன்று ஐந்துக்கு மூட்டை வெறுமையானது. பள்ளத்து வயலுக்கு ஒரு பிடிகூடப் போகவில்லை.

பன்னிரண்டாம் நாள் காலை இன்னும் பத்துப் படங்கள் வந்தன, எல்லாம் கடதாசியில் வைத்து எடுத்தவை. இரண்டு வயலுக்கும் நான்கு.