மல்லிகைக்கு நடுவே அரளி

மல்லிகை ஓய்ந்தால் என் வீட்டுக்காரர் கப்பலேறிவிடுவார். தங்கச்சிமடத்தில் எங்கள் தோட்டம் மணல் பூமி. மார்கழியில் தண்ணீரை நிறுத்தி, அவருடைய அண்ணனின் ஆடுகளை உள்ளே விட்டு இலையை மேயவிடுவோம். அப்படி மொட்டையான செடிதான் மாசிக்கு மேல் குலுங்கப் பூக்கும். ஆடு உள்ளே போன மறுநாள் அவர் தனுஷ்கோடியில் கப்பலேறி இலங்கைக்குக் கூலி வேலைக்குப் போவார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு மார்கழிகூட அவர் என்னோடு இருந்ததில்லை. அந்த ஆடுகளைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மார்கழியிலும் பூ இருந்தால் மனுஷன் எதற்குப் போகிறார்? மல்லிகை வரிசைக்கு நடுவே வேறு பூ வைத்துப் பார்த்தேன். செவ்வந்தி உப்புத் தண்ணீரில் கருகியது. கனகாம்பரம் கடல் காற்றில் நிற்கவில்லை. வாடாமல்லி பேருக்குப் பூத்தது. கடைசியில் செவ்வரளிக் குச்சிகளை ஊன்றினேன். புகுந்த வீட்டுக்கு வந்த புதுப்பெண் மாதிரி அது வாய் திறந்து எதையும் கேட்கவில்லை. மறு மார்கழியில் கோயில் வாசல் கடைகளுக்குக் கூடை நிறையப் பூ கொண்டுபோனேன்.

பூ முடிந்த கிளைகளைக் கழித்து அங்கேயே போட்டிருந்தேன். "அரளி வாடிக் கெடக்கு. இந்த வருஷம் ஆடு வேண்டாம்னு ஒங்க அண்ணன்கிட்டச் சொல்லிப்புடுங்க" என்று அவரிடம் படித்துப் படித்துச் சொன்னேன்.

"அரளிய ஆடு மோந்துகூடப் பாக்காதுடி. சரி, சொல்றேன்" என்றார். சொல்லவில்லை. இலங்கைக்குப் போகப் பெர்மிட்டை அதற்கு முன்பே வாங்கி ஒளித்து வைத்திருந்தார்.

பூவைக் கொடுத்துவிட்டுத் திரும்பியபோது வரிசையெல்லாம் ஆடுகள் விழுந்து கிடந்தன. வாயில் நுரை தள்ள, காலை உதைத்துக்கொண்டிருந்தன. பச்சையில் தொடாததை வாடியபின் தின்றிருந்தன. அவருடைய அண்ணன், எங்கள் மூத்தவர், ஒரு குட்டியின் வாயில் புளித்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அது அவர் மடியிலேயே செத்தது.

எழுந்தார். ஆட்டுக்குக் கிளை முறிக்கும் தொரட்டிக் கம்பைத் திருப்பிப் பிடித்தார். "ஏலே, எங்குடியக் கெடுத்துப்புட்டியேலே!" என்று பக்கத்தில் நின்ற தம்பியை, என் வீட்டுக்காரரை, அடித்தார். முதல் அடி தோளில் விழுந்தது. அடுத்த அடியைத் தடுக்க நீட்டிய வலது கை முறிந்தது. அந்தச் சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. கீழே விழுந்தவரை மறுபடியும் அடித்தார்.

நான் மண்வெட்டியை எடுத்து, காம்பால் மூத்தவரின் மண்டையில் ஒரு போடு போட்டேன். இரத்தம் வழிந்து அவர் கண்ணை மறைத்தது. அவர் என்னைத் தொடவில்லை. அரிவாளால் அரளியை வெட்ட ஆரம்பித்தார். மல்லிகையையும் சேர்த்து வெட்டினார். வெட்டிக்கொண்டே ஓவென்று அழுதார்.

கப்பல் போய்விட்டது. கட்டுப் போட்ட கையோடு இவர் வீட்டில் கிடந்தார். ஒரு நாள் சோறு ஊட்டும்போது, "இப்ப ஒனக்குச் சந்தோஷமா?" என்று கேட்டார்.

நான் அடுத்த உருண்டையை அவர் வாயில் வைத்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது.