திட்டச் சொல்லும் வார்டு

கழுத்தை அறுத்துவிட்டு, "எங்க, பேசுங்க பார்ப்போம்" என்று கேட்கிற உத்தியோகம் எங்களுடையது. காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரையை விழுங்கிவிட்டு, காபி டம்ளரையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்க்கும் சகோதர சகோதரிகளே, நானும் உங்கள் கட்சிதான். கூடுதலாக, தேனியில் அறுவை சிகிச்சை வார்டு நர்ஸ்.

முறைப்பு

காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் ஜெய்த்தூன் அக்காவைக் கணவர் காதர் அண்ணன் கூட்டி வந்தார். அக்காவுக்குக் கழுத்து வீங்கி, கை நடுங்கி, கண் இரண்டும் பிதுங்கியிருந்தன. எவ்வளவு சாப்பிட்டாலும் இளைத்துக்கொண்டே போனார். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். அண்ணன் தலையைச் சொறிந்தார்.

"கண்ணு ஒரு வருசமா இப்படித்தேன் இருக்கு சிஸ்டர். நாந்தேன் ஏதோ தப்புப் பண்ணிட்டேன், அதுக்கு முறைக்கிறாளோன்னு பயந்து கெடந்தேன்."

யார் வேலை?

நோய் மாத்திரையில் அடங்கும், நிறுத்தினால் திரும்பி வரும். கடைசியில் ஆபரேஷன் என்று முடிவானது. கிருமியா, தண்ணீரா, தோட்டத்துக்கு அடிக்கிற மருந்தா என்று அண்ணன் துருவினார். டாக்டர் பொறுமையாக, "வெளியிலிருந்து எதுவும் வரல. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தூண்டிவிடுது" என்றார். நாங்கள் பரீட்சைக்கு உருப்போட்ட பாடம் அண்ணனுக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது.

"அப்ப சொந்தக்காரக வேலைதேன்."

கம்மி

குரலுக்கான நரம்பு தைராய்டை ஒட்டியே போகிறது, அபூர்வமாக அதில் அடிபட்டால் குரல் கம்மிப்போகும் என்று டாக்டர் சொன்னதும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "பந்தலுக்கு இந்தக் கோடியில நின்னு கூப்புட்டா, அந்தக் கோடியில பழம் வெட்டுறவுக திரும்பணும். குரல் போனா எனக்கு அங்கன என்ன வேல சிஸ்டர்?" எனக்கும் பாவமாக இருந்தது.

அண்ணன் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டபடியே சொன்னார்: "கொஞ்சம் கம்மியானாலும் பரவாயில்ல டாக்டர். வீடு தாங்கும்."

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தார். இது நிஜ முறைப்பு.

திட்டு

ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளிந்தவரிடம் பேர் கேட்டால் முனகுவார். அதை வைத்துக் குரலைக் கணிக்க முடியாது. அதனால் எங்கள் வார்டில் ஒரு பழக்கம்: யாரையாவது மெதுவாகத் திட்டச் சொல்வோம். தெளிவாக வந்துவிடும்.

அக்காவிடமும் சொன்னேன். வாயே திறக்கவில்லை. பேர் கேட்டேன், ஊர் கேட்டேன். ம்ஹூம். அண்ணனைக் கூப்பிட்டேன். "ஜெய்த்தூனு, என்னையத் திட்டு தாயி. நல்லாத் திட்டு" என்று கெஞ்சினார். மனுஷன் தோள் துண்டை வாயில் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

அவர் அழுது ஓயும்வரை அக்கா பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். அப்புறம் நிதானமாக, ஒரு எழுத்துகூடக் கரகரக்காமல் கேட்டார்: "கொஞ்சம் கம்மியானாலும் பரவாயில்லன்னு சொன்னது நீங்கதேன?"

அண்ணன் கண்ணைக்கூடத் துடைக்கவில்லை.

"சத்தமாச் சொல்லுத்தா. இன்னும் சத்தமாச் சொல்லு."

கழுத்திலிருந்து தைராய்டை எடுத்துவிடலாம். பெண்டாட்டி காதில் விழுந்த வார்த்தையை எடுக்கத்தான் எங்கள் தேனி வட்டாரத்தில் எந்த ஆஸ்பத்திரியிலும் வசதி இல்லை.