பீட்சா கடையில் பெண் பார்த்த நாள்

சர்வீஸ் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தச் சம்பவத்தைத்தான்.

பாம்பனில் ஓர் இத்தாலியர் நடத்தும் சின்ன பீட்சா கடை. அங்கே பரிமாறுகிறவர்களுக்கு நான்தான் கேப்டன். டேபிள் கொஞ்சம்தான்; மூலையில் சீமைக்கருவேல விறகு எரியும் அடுப்பு. மாவு பிசைவது, விரிப்பது, அடுப்பில் விடுவது எல்லாம் முத்துலட்சுமி. முதுகுளத்தூர்ப் பக்கத்துப் பெண். "ஹோட்டல்ல வேலை பாக்குதாம்ல" என்று ஏற்கெனவே இரண்டு வீட்டார் அவளை வேண்டாமென்று போய்விட்டார்கள்.

மூன்றாவதாக ஒரு வரன் வந்தது. இந்தப் பையனை அவளுக்குப் பிடித்துவிட்டது. அதனாலேயே பயமும் வந்துவிட்டது. "வேண்டாம்னா என் வேலையப் பாத்துட்டுச் சொல்லட்டும்ண்ணே" என்று பெண் பார்ப்பதைக் கடையிலேயே வைக்கச் சொன்னாள். எனக்குக் கோபம்தான் வந்தது. இதென்ன வீம்பு?

பையன், அவனுடைய அம்மா, அய்யா மூவரும் வந்தார்கள். எதிரே முத்துலட்சுமியின் அம்மா. பையனின் அய்யா மிளகாய் விவசாயி. சிரிப்புக்கும் அவருக்கும் வெகு தூரம்.

சம்பந்தம் முடிவாகும்வரை பெண் வீட்டுச் சாப்பாட்டில் மாப்பிள்ளை வீட்டார் கை நனைப்பதில்லை. நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம். இது எங்கள் இத்தாலிய முதலாளிக்கு எப்படித் தெரியும்? விருந்தென்று நான்கு பீட்சாவை அனுப்பிவிட்டார்.

"தூக்குங்கப்பு. பொண்ணு சமைச்சதுல பேசி முடிக்காம நாங்க கை நனைக்க மாட்டோம்" என்றார் பெரியவர்.

"நல்லா இல்லையா?" என்று முதலாளி தமிழில் கேட்டார், முகம் சுருங்கி. அடுப்பருகே முத்துலட்சுமி ஏற்கெனவே பிசைந்து முடித்த மாவையே மறுபடி பிசைந்துகொண்டிருந்தாள். பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

தட்டுகளைத் தூக்கினேன். கை கொள்ளாமல், பீட்சாமேல் ஊற்றிக்கொள்ள வைத்த மிளகாய் எண்ணெய்க் கிண்ணம் மட்டும் டேபிளில் நின்றுவிட்டது.

பெரியவர் அதைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். மறுபடி அதையே பார்த்தார். "நம்ம குண்டு மிளகா மாதிரியில்ல இருக்கு" என்று முனகியபடி விரலை விட்டு நாக்கில் வைத்தார். சந்தையில் மிளகாயை ஒடித்து ருசி பார்த்தே பழகிய கை.

"கருகாம வறுத்திருக்கே. யாரு வறுத்தது?"

"நாந்தேங்கய்யா" என்றாள் முத்துலட்சுமி.

அவர் மனைவி பதறிப்போனார். "ஏங்க, என்ன காரியம் பண்ணீக? கை நனைச்சுட்டீகளே!"

பெரியவர் தன் விரலையே பார்த்தார். துண்டில் துடைத்துவிட்டு எழுந்து போய்விடுவாரோ என்று தட்டுகளோடு அங்கேயே நின்றேன்.

"இனி என்னத்தப் பேச?" என்றார். "அதான் நனைச்சாச்சுல்ல. தூக்குன தட்டக் கொண்டாங்கப்பு."

அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது. முத்துலட்சுமி ஆறிய பீட்சாவைத் தரமாட்டேன் என்று அழுதுகொண்டே புதிதாகப் போட்டாள். பெரியவர் முள்கரண்டியைத் தள்ளி வைத்துவிட்டு, எண்ணெயைத் தாராளமாக ஊற்றிக் கையாலேயே சாப்பிட்டார்.

"கல்யாணம் அப்புறம் முத்து வேலைக்கு வரும்?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார் முதலாளி.

"வராம? இப்படி வறுக்க ஒங்கள்ட்ட வேற ஆளு இருக்கா?" என்றார் பெரியவர்.

ஆகவே, புதிதாக வருகிறவர்களே, வாடிக்கையாளர் தட்டைத் தூக்கச் சொன்னால் மறுபேச்சில்லாமல் தூக்குங்கள். மிளகாய் எண்ணெய்க் கிண்ணத்தை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.