மாவுக்கட்டு அக்காவின் விசில்

காலை ஏழு மணி. நோயாளிகள் இன்னும் வரவில்லை. மருத்துவமனையின் நீண்ட நடைவழியில் அக்கா பின்னோக்கி ஓடிக்கொண்டிருக்கிறார். மருந்து வண்டி தள்ளி வருபவர் பழகிய அலுப்புடன் ஒதுங்குகிறார். "பந்தைப் பாத்துக்கிட்டே பின்னால ஓடத் தெரியணும். முன்னால யாரு வேணாலும் ஓடுவாங்க" என்கிறார் அக்கா, மூச்சு வாங்காமல். வயது நாற்பத்தெட்டு.

வாரத்தில் ஆறு நாள் எலும்பு முறிந்தவர்களுக்கு மாவுக்கட்டுப் போடுகிறார். ஞாயிற்றுக்கிழமை கால்பந்து நடுவர். மைதானத்தில் எகிறும் ஆட்டக்காரரிடம், "தம்பி, மெதுவா. இல்லன்னா நாளைக்கு என் டேபிள்லதான் படுக்கணும்" என்பார். பாதிச் சண்டை சிரிப்பில் கரைந்துவிடும். அவரை எல்லோரையும்விட உரக்கத் திட்டுபவர், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அவருடைய கணவர். "வீட்டுல வாயைத் திறக்க முடியல, இங்கயாவது திறந்துக்கட்டும்" என்று அக்கா விட்டுவிடுவார்.

புதிய நடுவர்களை அவரிடம்தான் அனுப்புவார்கள். இந்த முறை வந்தவர் ஐம்பதைத் தாண்டிய பேக்கரிக்காரர். விதிப்புத்தகம் மனப்பாடம், ஆனால் கூச்ச சுபாவம். அக்கா அவரிடம் சொன்னார்: "அண்ணே, கத்துறவன்கிட்ட ஓடாதீங்க, நடந்து போங்க. நீங்க போய்ச் சேர்றதுக்குள்ள அவனுக்குப் பாதிக் கோபம் இறங்கிடும். கையை இடுப்புல வைக்காதீங்க, மாமியார் மாதிரி இருக்கும். பாத்ததைச் சொல்லுங்க. பாக்காததை ஊகிக்காதீங்க."

உள்ளூர்க் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் பேக்கரிக்காரர் துணை நடுவராகக் கொடியோடு கோட்டருகே நின்றார். ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. நீலச்சட்டைக்காரர் ஒருவர் உதைத்த பந்து வலைக்குள் கிடந்தது. அக்கா விசில் ஊதிக் கோல் கொடுத்தார். நீலச்சட்டைகள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து புரண்டார்கள். அப்போதுதான் பேக்கரிக்காரரின் கொடி இடுப்புயரம் வந்து அப்படியே நிற்பதைப் பார்த்தார்.

நடந்தே போனார். "என்ன பாத்தீங்க?"

"பக்கவலை கிழிஞ்சிருக்கும்மா. பந்து வெளியில போய், ஓட்டை வழியா உள்ள வந்துச்சு. நீங்க கோல் குடுத்துட்டீங்களே, எப்படிச் சொல்றதுன்னு..."

"சொல்லிட்டீங்கல்ல, போதும்."

ஆட்டம் மறுபடி தொடங்கும்வரை தீர்ப்பை மாற்றலாம். அக்கா கிழிசலைப் பிரித்துப் பார்த்தார். பூசணிக்காயே போகும். கோல் இல்லை என்று கைகாட்டியதும் மைதானம் கொதித்தது. நீலச்சட்டைகளின் தலைவர், ஆறடி லாரி ஓட்டுநர், எதிரே வந்து நின்றார். "குடுத்ததைத் திருப்பி வாங்குறீங்களா? அந்த ஆள் பேச்சைக் கேட்டா?"

அக்காவின் கழுத்து வேர்த்திருந்தது. குரல் ஏறவில்லை. "நான் தப்பாக் குடுத்துட்டேன். அவரை இழுக்காதீங்க, முடிவு என்னோடது. நீங்களே போய்ப் பாருங்க."

ஓட்டுநர் விறுவிறுவென்று போனார். குனிந்தார். ஓட்டைக்குள் தலையை விட்டார். உள்ளே போய்விட்டது, வெளியே எடுக்கத்தான் இரண்டு பேர் வேண்டியிருந்தது. முதலில் அவரே சிரித்தார். பிறகு இரு அணிகளும் சிரித்தன. அக்கா தன் பையிலிருந்து பேண்டேஜ் துணியை எடுத்து வலைக்கும் ஒரு கட்டுப் போட்டார்.

ஆட்டம் சமனில் முடிந்தது. கோப்பையை ஆளுக்கு ஆறு மாதம் வைத்துக்கொள்வதென்று பேசி முடித்தார்கள். லாரி ஓட்டுநர் வந்து அக்காவிடம் கை நீட்டினார். அக்கா அந்தக் கையைப் பிடித்தார். பிடித்தபடியே அவரைக் கூட்டிப்போய், ஓரமாக நின்று கொடியைச் சுருட்டிக்கொண்டிருந்த பேக்கரிக்காரரின் கையில் அதை வைத்தார்.