அஞ்சல்பெட்டியில் இல்லாத பெயர்

பண்டைய ஏதென்ஸில் குடியுரிமை இல்லாமல் வாழ்ந்த வெளியூராருக்கு ஒரு குடிமகன் பொறுப்பாளராக இருக்க வேண்டும். அப்படி யாரும் இல்லையென்று வழக்கில் உறுதியானால் அடிமையாக விற்றுவிடலாம். பல்கலைக்கழக வகுப்பில் இதைப் பற்றி முக்கால் மணி நேரம் மூச்சுவிடாமல் பேசிவிட்டு, ஒரே குஷியில், ஜெர்மனியில் நான் தங்கியிருந்த ஹம் நகருக்கு ரயிலேறினேன். ரயிலில்தான் அந்த மின்னஞ்சல் வந்தது.

விசா நீட்டிப்புக்கு நேரம் குறித்து வெளிநாட்டவர் அலுவலகம் அனுப்பிய கடிதம், ‘அப்படி ஒருவர் இங்கே இல்லை’ என்று திரும்பிவிட்டதாம். குறித்த நாள் முந்தின தினமே போய்விட்டது. அன்று புதன், வெள்ளியோடு என் விசா முடிகிறது.

நான் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா வீட்டில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தேன். முதியோர் இல்லத்தில் வேலை பார்ப்பவர்; ஜெர்மன் குடியுரிமை பெற்றவர். கீழே அஞ்சல்பெட்டியில் அவர் பெயர் மட்டும்தான். வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னதும் அக்கா கடிந்துகொண்டார்.

“ரெண்டு மாசமாச் சொன்னனான் பிள்ளை, பெட்டியில பேரை ஒட்டு எண்டு.”

“எங்க ஊர்ல போஸ்ட்மேன் நாலு பேர்கிட்ட விசாரிச்சாவது குடுத்துடுவாருக்கா.”

“இஞ்ச ஆர் விசாரிக்கிறது? பேரில்லையெண்டால் ஆளில்லை. உன்ர கிரேக்கக்காரரை விட்டிட்டு இதைப் படிச்சிருக்கலாம்.”

சிரிக்க முயன்றேன், முடியவில்லை. ‘விற்கப்பட்டனர்’ என்று என் கட்டுரையில் எவ்வளவு சுலபமாக எழுதியிருந்தேன்!

மறுநாள் அக்கா வேலை முறையை மாற்றிக்கொண்டு கூடவே வந்தார். அலுவலகத்தில் இருந்த பெண் என் காகிதங்களைப் புரட்டினார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா ஜெர்மனில் சொல்லிவிட்டார்: “இவர் என் வீட்டில்தான் இருக்கிறார். பெயர் ஒட்டாதது என் தவறு.” தன் அடையாள அட்டையையும் நீட்டினார். அந்தப் பெண் அதைப் பார்த்தார், தலையசைத்தார். மூன்று மாதத்துக்கு ஒரு தற்காலிகச் சான்று அச்சாகி வந்தது.

வெளியே வந்ததும் கேட்டேன்: “தப்பு என்னுதுதானேக்கா, ஏன் அப்படிச் சொன்னீங்க?”

“நீ சொன்னால் ஏன் எண்டு கேப்பினம். நான் சொன்னால் கேக்கமாட்டினம்.”

அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. அவர் அன்று வேலைக்குப் போயிருந்தால்?

சாயங்காலம் அவர் பெயருக்குக் கீழே என் பெயரை எழுதி ஒட்டினேன். படுக்கப் போகுமுன் இரண்டு முறை கீழே இறங்கி, அது உரிந்துவிடவில்லையே என்று தடவிப் பார்த்தேன்.