முதல் மாடிக்காரரின் கையெழுத்து

போர்த்துகல்லின் போர்த்தோ நகரில், பொன்ஃபிம் மேட்டில் இருக்கிறது எங்கள் கட்டடம். முதல் மாடியில் பஸ் ஓட்டுநர் சில்வேரியோவும் அவர் மனைவி நத்தேர்சியாவும் இருந்தார்கள். இரண்டாவதில் எர்மெலிந்தா அம்மா, எழுபத்து நான்கு வயது, தனி ஆள். மூன்றாவதில் நான். மூன்று வீட்டுக்கும் முப்பது வருஷத்துக்கு முந்தைய ஒப்பந்தம், முப்பது வருஷத்துக்கு முந்தைய வாடகை.

2013 அக்டோபரில் மூவருக்கும் ஒரே நாளில் பதிவுத் தபால் வந்தது. கட்டடத்தைப் பெரியப்பாவிடமிருந்து வாரிசாகப் பெற்றிருந்த எஞ்சினியர், வாடகையை அறுநூறு யூரோவாக உயர்த்துவதாக எழுதியிருந்தார். எர்மெலிந்தாவின் ஓய்வூதியமே முந்நூற்றுச் சொச்சம்.

சில்வேரியோ பஸ் டிப்போவில் தொழிற்சங்கப் பிரதிநிதி. சட்டம் கிட்டம் என்றால் நாங்கள் அவர் முகத்தைத்தான் பார்ப்போம். அன்று மாலை மாடிப்படியில் நிற்கவைத்தே விளக்கினார். முப்பது நாளுக்குள் எழுத்தில் பதில் அனுப்ப வேண்டும், பேசாமல் இருந்தால் சம்மதித்ததாக ஆகிவிடும், அறுபத்தைந்து தாண்டியவர்களைச் சுலபத்தில் அசைக்க முடியாது, ஆனால் அந்த வயதைச் சான்றோடு அவர்களே சொல்லியாக வேண்டும். வாடகைக்குக் குடியிருப்போர் சங்கத்து வக்கீலம்மாவிடம் மூவரும் சேர்ந்தே போவோம் என்றார்.

“அதுவரைக்கும் யாரும் தனியா எதுலயும் கையெழுத்துப் போடக் கூடாது. அந்தாளு தேனா பேசுவான். கதவைச் சாத்திடுங்க,” என்றார்.

பதினைந்தாம் நாள் எஞ்சினியர் டிப்போ வாசலுக்கே வந்து சில்வேரியோவைக் காப்பி குடிக்க அழைத்துப்போனார். அறுநூறு மற்றவர்களுக்கு, உங்களுக்கு முந்நூற்றைம்பது, ஐந்து வருஷத்துக்குப் புது ஒப்பந்தம், காற்றுப் புகாத புது ஜன்னல்களும் என் செலவில் என்றார். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்பது மட்டும் நிபந்தனை. சில்வேரியோவுக்கு அப்போது வயது ஐம்பத்தேழு. வயதின் பாதுகாப்பு அவருக்கு இல்லை. பயந்துவிட்டார். காப்பி ஆறுவதற்குள் கையெழுத்துப் போட்டார். நத்தேர்சியாவிடம்கூடச் சொல்லவில்லை.

எஞ்சினியர் நேராக இரண்டாம் மாடிக்குப் போனார். தொகை இருந்த இடத்தை விரலால் மறைத்துக்கொண்டு, சில்வேரியோவின் கையெழுத்தை மட்டும் எர்மெலிந்தாவுக்குக் காட்டினார்.

மறுநாள் அந்த அம்மா கிண்ணம் நிறைய மர்மெலாடா என்ற பழ அல்வா கிண்டி எடுத்துக்கொண்டு முதல் மாடிக்கு இறங்கினாள். அதற்கான சீமை மாதுளை சந்தைக்கு வந்திருந்த நேரம். சமையலறையில் நத்தேர்சியா இருந்தாள், சில்வேரியோ சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“உங்களுக்கு நன்றி சொல்லத்தான் வந்தேன் தம்பி,” என்றாள் எர்மெலிந்தா. “நீங்களே போட்டுட்டீங்கன்னா நல்லாப் பேசி முடிச்சிருப்பீங்கன்னு நானும் போட்டுட்டேன். அறுநூறு எப்படிக் கட்டுறதுன்னுதான் தெரியல. பிராகாவுல என் பொண்ணுகிட்டக் கேக்கணும்.”

சில்வேரியோ தட்டைப் பார்த்தபடியே தலையை ஆட்டினார். அவ்வளவுதான். அவள் கிண்ணத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் படியேறினாள்.

கதவு சாத்தியதும் நத்தேர்சியா கேட்டாள்:

“எதுல போட்ட?”

அவர் சொன்னார். அவள் கத்தவில்லை. குழாயடியில் நின்றபடியே, “அவங்க இங்க நின்னு நன்றி சொல்றாங்க, நீ மென்னுகிட்டு இருந்தியேய்யா,” என்றாள்.

அடுத்த மூன்று நாள் எப்படிப் போயிற்று என்று பின்னாளில் அவரே என்னிடம் சொன்னார். நிறுத்தங்களில் நிற்காமல் பஸ்ஸை ஓட்டினாராம். பயணிகள் திட்டினால் ஆறுதலாக இருந்ததாம். வீட்டுக்கு வரும்போது எர்மெலிந்தாவின் காலடி கேட்டால் தெருவிலேயே காத்திருந்து, அவள் உள்ளே போன பிறகு ஏறினாராம்.

நான்காம் நாள் எர்மெலிந்தாவின் வீட்டுக்கு ஏறிப் போனார். நான் என் கதவைத் திறக்கவிருந்தவன், குரல் கேட்டு நின்றுவிட்டேன். உட்காரச் சொன்னாள், அவர் உட்காரவில்லை. வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்: முந்நூற்றைம்பது, ஜன்னல், காப்பி. அவள் வயதுக்கு அந்தத் தாளில் கையெழுத்தே தேவையில்லை என்பதையும் சொன்னார்.

பிறகு எர்மெலிந்தாவின் குரல் கேட்டது.

“பயந்து போட்டீங்க, அது எனக்குப் புரியுது. நானும் பயந்துதானே போட்டேன். ஆனா நன்றி சொல்ல வந்தவகிட்ட ஒரு வார்த்த, ‘போட்டிருக்கக் கூடாதும்மா, தப்பு’ன்னு... அது வரலையே உங்க வாயில.”

“வரலம்மா,” என்றார் சில்வேரியோ.

முப்பது நாள் முடிய இன்னும் பத்து நாள் இருந்தது. மறுநாளே மூவரும் சங்கத்துக்குப் போனோம். வக்கீலம்மா எர்மெலிந்தாவின் பிறந்த தேதியையும் வருமானச் சான்றையும் வைத்துப் பதில் எழுதினார். ஏமாற்றி வாங்கிய கையெழுத்து செல்லாது என்று வாதாட ஒரு சாட்சி வேண்டும் என்றார். அதாவது, தனக்குக் கிடைத்த சலுகையையும் தான் மறைத்ததையும் சில்வேரியோ தன் கைப்பட எழுதித் தர வேண்டும். எழுதினார். சரியாக இருக்கிறதா என்று பார்க்க வக்கீலம்மா அதை உரக்கப் படித்தார். அறையில் வேறு கட்டடத்துக்காரர்கள் ஏழெட்டுப் பேர் முறை வருவதற்காகக் காத்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் சில்வேரியோவின் டிப்போக்காரர். சில்வேரியோவின் காது மடல்கள் சிவந்துபோயின. எர்மெலிந்தா கைப்பையின் கொக்கியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

எஞ்சினியர் நீதிமன்றம் வரை போக விரும்பவில்லை. எர்மெலிந்தா போட்ட தாள் ரத்தாயிற்று. வருமானத்துக்கு ஏற்ப அவள் வாடகை சில பத்து யூரோக்களோடு நின்றது. நானும் எதிர்த்து எழுதினேன், முந்நூற்றைம்பதைவிடக் குறைவாகவே முடிந்தது. சில்வேரியோ மட்டும் தன் கையெழுத்துக்குக் கட்டுப்பட்டார். அந்தக் குளிர்காலத்தில் அவர் வீட்டுக்குப் புது ஜன்னல்கள் வந்தன. கறுத்த முகப்பில் அவை மட்டும் வெள்ளை வெளேரென்று தெருமுனைவரை தெரிந்தன. நத்தேர்சியா திரையை இழுத்துவிட்டவள், வெயில் காலத்திலும் திறக்கவில்லை. டிப்போவில் அவர் சங்கப் பொறுப்பை விட்டுவிட்டார். யாரும் விலகச் சொல்லவில்லை.

ஐந்து வருஷம் முடிந்ததும் எஞ்சினியர் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. வக்கீலம்மாவிடம் போகலாம் வாருங்கள் என்று நான் கூப்பிட்டேன்.

“அந்த அறைக்குள்ள இன்னொரு தடவ என்னால போக முடியாது,” என்றார் சில்வேரியோ.

நகரத்துக்கு வெளியே கொந்தொமாரில் சின்ன வீடு பார்த்துப் போனார்கள். இங்கிருந்து சாமான்களைக் கீழே இறக்கிய அன்று எர்மெலிந்தா மகளைப் பார்க்க பிராகா போயிருந்தாள். அதைத் தெரிந்துகொண்டுதான் அவர் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தார் என்று நத்தேர்சியா என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.